துணைக்கு ஒரு கை

வியாழக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டுத் திண்ணையில் இரண்டு மூன்று பேராவது காத்திருப்பார்கள். உடம்பில் உள்ளங்கையை வைத்துச் செய்யும் ரெய்கி சிகிச்சைக்காக வருகிறவர்கள். உள்ளே கூப்பிட்டதும் நான் கேட்கும் முதல் கேள்வி, "காலை மாத்திரை போட்டுக்கொண்டீர்களா?" அடுத்தது, "டாக்டரைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?" இந்த இரண்டுக்கும் ஒழுங்கான பதில் கிடைத்த பிறகுதான் கையைக் கழுவப் போவேன். போன மாதம் ஒருவர், "அந்த மாத்திரையை எல்லாம் விட்டுத் தொலைக்கலாம் என்றுதானே உங்களிடம் வந்தேன்" என்றார். 12 வருடமாகச் சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர். அவருக்கு நான் கை வைக்கவில்லை. ஒரு டம்ளர் மோர் கொடுத்து, அரை மணி நேரம் உட்காரவைத்துப் பேசி, மறுநாள் வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனைக்குப் போகச் சொல்லி அனுப்பினேன்.

நான் 34 வருடம் அரசு மருத்துவமனைகளில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து 2015-ல் ஓய்வு பெற்றவள். திருச்சி உறையூரில் வீடு. ஓய்வு பெற்ற அடுத்த வருடம் ரெய்கி கற்றுக்கொண்டேன். கூட வேலை பார்த்தவர்கள், "நீங்களுமா சிஸ்டர்?" என்று கேட்டார்கள். ரெய்கி வகுப்பில் சந்தித்தவர்களோ, காய்ச்சல் வந்தால் நான் இன்னும் பாராசிட்டமால் போடுவதைப் பார்த்து வருத்தப்பட்டார்கள். இந்த இரண்டு பேருக்கும் சேர்த்து எழுத வேண்டும் என்று பல நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனர்ஜி ஹீலிங் என்ற பெயரில் இன்று பல முறைகள் இருக்கின்றன. உடம்பை நடத்துகிற உயிராற்றல் ஒன்று உண்டு, அது தடையில்லாமல் ஓடினால் நலம், தேங்கினால் நோய், பழகிய ஒருவரின் கை அந்தத் தேக்கத்தை நீக்கும் என்பது எல்லாவற்றுக்கும் பொதுவான நம்பிக்கை. ஜப்பானியர் அதைக் 'கி' என்கிறார்கள், சீனர் 'சீ' என்கிறார்கள், நாம் பிராணன் என்கிறோம். பிலிப்பைன்ஸைச் சேர்ந்த சோவா கோக் சூயி வகுத்த பிராணிக் ஹீலிங்கில் உடம்பைத் தொடுவதே இல்லை. காற்றைத் துடைப்பதுபோலக் கையை வீசி, பக்கத்தில் வைத்திருக்கும் உப்புத் தண்ணீரில் உதறிவிடுவார்கள். 1972-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் நர்சிங் பேராசிரியை டோலரஸ் கிரீகர், டோரா குன்ஸ் என்பவரோடு சேர்ந்து தெரப்யூட்டிக் டச் என்ற முறையைக் கொண்டுவந்தார். பெயரில் தொடுதல் இருந்தாலும் கை உடம்புக்குச் சில அங்குலம் மேலேயே நிற்கும்.

அப்படி ஓர் ஆற்றலை எந்தக் கருவியும் இதுவரை அளந்து காட்டியதில்லை. இதை ஒளித்துவைத்துக்கொண்டு நான் எதையும் எழுத விரும்பவில்லை.

நம் ஊருக்குக் கை வைப்பது புதிதும் அல்ல. சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தபோது அம்மா நத்தர்வலி தர்காவுக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். அங்கே ஒரு பெரியவர் ஓதி, முகத்தில் ஊதி, தண்ணீர் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் பாட்டி வேப்பிலையால் தலையிலிருந்து கால்வரை தடவி மந்திரித்தாள். அதே நாள் மாலையில் கம்பவுண்டர் வந்து ஊசியும் போட்டார். மூன்றில் எதையும் யாரும் விடவில்லை. எம்.பி.பி.எஸ். படித்த டாக்டரைக்கூட நாம் கைராசிக்காரர் என்றுதானே சொல்கிறோம்?

நான் கற்றுக்கொண்ட ரெய்கிக்கு நூறு வயதுதான் ஆகிறது. 1865-ல் பிறந்த மிக்காவோ உசுயி, 1922-ல் கியோட்டோவுக்கு அருகிலுள்ள குராமா மலையில் 21 நாள் விரதமிருந்து இதைக் கண்டடைந்ததாகச் சொல்கிறார்கள். நான்கே வருடத்தில், 60 வயதில், பக்கவாதத்தால் இறந்துபோனார். வகுப்பில் இதைக் கேட்டபோது எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது. தன்னைச் சாவில்லாதவர் என்று சொல்லிக்கொள்ளாத ஒருவர் தொடங்கிவைத்தது இது. அவரிடம் படித்த சூஜிரோ ஹயாஷி, கடற்படையிலிருந்து ஓய்வு பெற்று டோக்கியோவில் சிகிச்சை நிலையம் நடத்தினார். ஹவாயில் பிறந்த ஜப்பானியப் பெண் ஹவாயோ டகாட்டா 1935-ல் அறுவை சிகிச்சைக்காக ஜப்பான் போய், ஹயாஷியின் நிலையத்தில் தங்கி, தேறி, தானும் கற்றுக்கொண்டு திரும்பினார். 1980-ல் இறப்பதற்குள் அவர் 22 பேரை ஆசிரியர்களாக்கினார். மேற்கு நாடுகளில் பரவியது பெரும்பாலும் அவரும் அந்த 22 பேரும் வழியாகத்தான்.

சிகிச்சை என்று பார்த்தால் மிக எளிமையானது. உடுத்திய துணியோடு படுத்துக்கொள்ளலாம். கண், காதோரம், பின்தலை, தொண்டை, நெஞ்சு, வயிறு, முழங்கால், பாதம் என்று ஒவ்வோர் இடத்திலும் மூன்று முதல் ஐந்து நிமிடம் உள்ளங்கையை வைத்திருப்பேன். அழுத்துவதில்லை, தேய்ப்பதில்லை, எண்ணெய் இல்லை. முக்கால் மணி நேரம் ஆகும். பாதிப் பேர் வயிற்றுக்கு வருவதற்குள் தூங்கிவிடுவார்கள்.

இனி, நான் அந்த முதல் கேள்வியைக் கேட்கத் தொடங்கியது எப்படி என்று சொல்கிறேன்.

ரெய்கி கற்ற முதல் வருடம். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கும் ஒரு பெண், 52 வயது, இடது தோளில் வலி என்று வந்தார். முந்தின நாள் குழாயடியில் நான்கு குடம் தண்ணீர் தூக்கியதால் வந்த பிடிப்பு என்று அவரே சொன்னார். நானும் அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் படுக்கவைத்து, கண்ணை மூடிக்கொண்டு தோளில் கை வைத்தேன். வகுப்பில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது, எந்த இடத்தில் கை சுடுகிறதோ, குறுகுறுக்கிறதோ அங்கே ஆற்றல் தேவைப்படுகிறது என்று. நான் என் உள்ளங்கையையே கவனித்துக்கொண்டிருந்தேன். குறுகுறுப்பு இருந்தது. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. கொஞ்ச நேரத்தில் கை ஈரமானது. அது என் வியர்வை இல்லை.

கண்ணைத் திறந்து பார்த்தேன். மின்விசிறிக்கு நேர் கீழே படுத்திருந்தவரின் நெற்றியிலும் மேலுதட்டிலும் முத்து முத்தாக வியர்வை. ரவிக்கை நனைந்து தோளோடு ஒட்டியிருந்தது. உதடு வெளுத்திருந்தது. "தாடையும் வலிக்கிறதா?" என்று கேட்டேன். "ஆமாம் சிஸ்டர், பல் வலி மாதிரி" என்றார். அதற்குப் பிறகு நர்ஸின் கை தானாக வேலை செய்தது. ஆஸ்பிரினை மென்று விழுங்கவைத்து, ஆட்டோ பிடித்து, மருத்துவமனையில் ஈ.சி.ஜி. எடுத்தபோது மாரடைப்பு என்று உறுதியானது. பிழைத்துக்கொண்டார். ஆனால் இதயத்தின் ஒரு பகுதி பலவீனமாகிவிட்டது. இன்றும் இரண்டாவது மாடி ஏறினால் மூச்சு வாங்கும்.

என் வீட்டில் அவர் படுத்திருந்தது 20 நிமிடம். மாரடைப்பில் 20 நிமிடம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? தீவிர சிகிச்சைப் பிரிவில் ஏழு வருடம் இருந்தவள் நான். பெண்களுக்கு நெஞ்சு வலிக்காமலே தோள், தாடை, முதுகு, குமட்டல் என்று வரலாம் என்பதைப் பயிற்சி நர்ஸ்களுக்குச் சொல்லிக்கொடுத்தவளும் நான்தான். அன்று அவர் முகத்தைப் பார்க்காமல் என் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். அவர் இன்றுவரை என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. "நீங்கள் இருந்ததால்தான் பிழைத்தேன்" என்கிறார். அதைக் கேட்கும்போதெல்லாம் வலிக்கிறது.

அதன் பிறகு ஆறு மாதம் யாருக்கும் கை வைக்கவில்லை. திரும்பத் தொடங்கியது என் நாத்தனாருக்காக.

2018-ல் அவளுக்கு மார்பகப் புற்றுநோய். வலது பக்கம் அறுவை சிகிச்சை முடிந்து, 21 நாளுக்கு ஒரு முறை கீமோ. முதல் நான்கு தடவை அந்தச் சிவப்பு மருந்து. ஊசிக்குழலில் அது இறங்குவதைப் பார்த்தாலே அவளுக்குக் குமட்டும். இரண்டாவது தடவை போனபோது, மருந்து ஏற்றுவதற்கு முன்பே, அந்த அறையின் பினாயில் வாசனைக்கே வாந்தி எடுத்துவிட்டாள். "அண்ணி, இனிமேல் என்னால் வர முடியாது, வீட்டுக்குப் போகலாம்" என்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டரிடம் போய் ரெய்கி பற்றிச் சொன்னேன். அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "தாராளமாகக் கை வையுங்கள். கீமோ தேதி ஒரு நாள்கூடத் தள்ளிப்போகக் கூடாது. வேறு சூரணம், கஷாயம் எதுவும் என்னைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. அவ்வளவுதான்" என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

கீமோவில் இருப்பவருக்குக் கை வைக்க நினைப்பவர்கள் சிலவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெள்ளணுக்கள் இறங்கியிருக்கும், ஒரு சின்னச் சளிகூட அவர்களைப் படுக்கவைத்துவிடும். அதனால் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவாமல் பக்கத்தில் போகக் கூடாது. தும்மல் இருந்தால் அன்று போகவே கூடாது. நெஞ்சில் மருந்து ஏற்றும் போர்ட் வைத்திருந்தால் அந்த இடத்தில் கை படக் கூடாது. அக்குளில் நெறிகட்டிகளை எடுத்த பக்கத்துக் கையில் வீக்கம் வரலாம், அதை அமுக்குவதோ உருவுவதோ கூடாது. 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் ரெய்கியும் இல்லை, வேப்பிலையும் இல்லை. நேராக மருத்துவமனைதான், நடு ராத்திரியானாலும்.

மூன்றாவது கீமோ நாளில் அவள் தலைமாட்டில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். ஒரு கை பின்கழுத்துக்கு அடியில், இன்னொன்று வயிற்றுக்கு மேல். முடி கொட்டிய பின்தலை குழந்தையின் தலைபோல மென்மையாக, ஏ.சி.யில் சில்லென்று இருந்தது. வாயில் ஐஸ் கட்டி. நர்ஸ் சிவப்பு மருந்தை மெதுவாகச் செலுத்தத் தொடங்கினார். முதலில் கழுத்து நரம்புகள் கட்டை மாதிரி விறைத்திருந்தன. வயிறு மேலோட்டமாகப் படபடத்துக்கொண்டிருந்தது. நான் எதுவும் பேசவில்லை. என் மூச்சை மட்டும் நிதானமாக விட்டுக்கொண்டிருந்தேன். பத்துப் பன்னிரண்டு நிமிடம் கழித்து வயிறு என் மூச்சுக்கு ஏற்றபடி ஏறி இறங்கத் தொடங்கியதை உள்ளங்கையில் உணர்ந்தேன். கழுத்து கனத்தது. தலையின் முழுப் பாரத்தையும் என் கையில் விட்டிருந்தாள். ஐஸ் கரைந்து கடைவாயில் வழிந்ததுகூடத் தெரியாமல் தூங்கிப்போனாள். அன்று அவள் வாந்தி எடுக்கவில்லை. குமட்டலுக்கான ஊசியும் போட்டிருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது முந்தின தடவையும் போட்டதுதான்.

அன்று என்ன நடந்தது? என் கையிலிருந்து ஏதோ ஒன்று அவளுக்குள் போனதா?

இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. படிக்க ஆரம்பித்தேன். அமெரிக்காவில் எமிலி ரோசா என்ற சிறுமி, 9 வயதில், பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக ஒரு சோதனை செய்திருக்கிறாள். தெரப்யூட்டிக் டச் செய்கிறவர்கள் ஓர் அட்டைத் தடுப்பின் துளைகள் வழியே இரண்டு கைகளையும் நீட்டுவார்கள். அவள் நாணயத்தைச் சுண்டிப் பார்த்து, ஏதாவது ஒரு கைக்கு மேல் தன் கையைக் கொண்டுபோவாள். எந்தக் கைக்கு மேல் என்று அவர்கள் சொல்ல வேண்டும். 21 பேர், 280 தடவை. 123 தடவைதான் சரி. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் பாதி சரியாக வந்திருக்கும். 1998-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் அது வெளிவந்தது.

எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. ஏழாவது படிக்கும் பேரனைக் கூப்பிட்டேன். டி.வி. வந்த அட்டைப்பெட்டியில் இரண்டு ஓட்டை போட்டான். நான் இந்தப் பக்கம் கண்ணை மூடி, இரண்டு கைகளையும் மல்லாக்க நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் அவன் இரண்டு ரூபாயைச் சுண்டிக்கொண்டு, நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தான். சில தடவை சந்தேகமே இல்லாமல் இடது கையில் சூடு தெரிந்தது. "இடது" என்றேன். பென்சில் சத்தம் மட்டும் கேட்டது. 20 தடவை முடிந்ததும், "அப்பாயி, ஒன்பது சரி" என்றான். சொல்லும்போது அவன் குரல் இறங்கியிருந்தது. எனக்காக வருத்தப்பட்டான். நான் சந்தேகமில்லாமல் சொன்னவற்றிலும் பாதி தப்பு.

ஆக, என் உள்ளங்கைக்கு ஒன்றும் தெரியாது. தோள் வலி என்று வந்தவர் விஷயத்தில் எனக்குக் கிடைத்த அதே பாடம், இந்த முறை பென்சில் கோடுகளாக.

பிறகு எனக்குக் கிடைத்தது 2011-ல் ஒரு புற்றுநோய் நர்சிங் இதழில் வந்த ஆய்வு. கீமோ ஏற்றும் இடத்தில் 189 நோயாளிகளை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு பகுதியினருக்கு வழக்கமான பராமரிப்பு மட்டும். இன்னொரு பகுதியினருக்கு ரெய்கி கற்ற நர்ஸ் கை வைத்தார். மூன்றாவது பகுதியினருக்கு, ரெய்கியே தெரியாத ஒருவர் அதேபோலக் கை வைத்தார். வழக்கமான பராமரிப்பை மட்டும் பெற்றவர்களைவிட மற்ற இரண்டு பகுதியினரும் ஆறுதலாகவும் நலமாகவும் உணர்ந்தார்கள். உண்மையான ரெய்கிக்கும் பொய் ரெய்கிக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

இதைப் படித்துவிட்டு ரெய்கி பொய் என்று ஒருவர் மூடிவைத்துவிடலாம். மூன்றாவது பகுதியைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசித்தேன். ஒன்றும் தெரியாத ஒருவர் பக்கத்தில் வந்து, அவசரம் இல்லாமல், கை வைத்து உட்கார்ந்தாலே நோயாளிக்கு ஆறுதல் கிடைக்கிறது! 34 வருடத்தில் நான் எத்தனை நோயாளிகளிடம் அப்படி உட்கார்ந்திருக்கிறேன்? இரவுப் பணியில் 50 படுக்கைக்கு இரண்டு நர்ஸ் இருப்போம். டிரிப் மாற்றுவோம், ஊசி போடுவோம், காய்ச்சல் எழுதுவோம், ஓடுவோம். "சிஸ்டர், கொஞ்சம் இருங்கள்" என்று கையைப் பிடித்தவர்களிடம், "இதோ வந்துவிடுகிறேன் அம்மா" என்று சொல்லி விரலைப் பிரித்துக்கொண்டு போயிருக்கிறேன். திரும்பிப் போக முடிந்த இரவுகள் குறைவு. இன்று ரெய்கி என்ற பெயரில் நான் கொடுக்கிற முக்கால் மணி நேரம் அன்று வார்டில் கொடுக்க முடியாமல் போன நேரம்தான்.

மருத்துவமனையில் ஒருவரைச் சேர்க்கும்போது நாங்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "துணைக்கு யார் இருக்கிறீர்கள்?" துணைக்கு இருப்பவர் ஊசி போடுவதில்லை, அறுவை செய்வதில்லை. வெந்நீர் வாங்கி வருவார், தலையைத் தடவிக் கொடுப்பார், ராத்திரி கட்டிலுக்கடியில் பாயை விரித்துப் படுப்பார். அவர் இல்லாத நோயாளி எப்படிச் சுருங்கிப்போவார் என்று வார்டில் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். ரெய்கி போன்றவற்றைத் துணை சிகிச்சை என்கிறார்கள். அந்தச் சொல்லை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். துணைக்கு வந்தவர் டாக்டரின் நாற்காலியில் உட்காரக் கூடாது.

உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்டது. குணப்படுத்தக்கூடிய நிலையிலிருந்த புற்றுநோய்க்கு மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பிய 281 பேரைப் பார்த்தார்கள். முறையான சிகிச்சை பெற்றவர்களைவிட இவர்களுக்கு இறப்பு அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் ஐந்து மடங்குக்கும் மேல். அவர்களுடைய இன்னோர் ஆய்வுதான் என்னை அதிகம் உலுக்கியது. சிகிச்சையோடு சேர்த்துத் துணை முறைகளையும் வைத்துக்கொண்டவர்களிடமும் அபாயம் இரண்டு மடங்காக இருந்தது. துணை முறை அவர்களுக்குக் கெடுதல் செய்யவில்லை. அவர்களில் பலர் கீமோவையோ கதிர்வீச்சையோ ஹார்மோன் மாத்திரையையோ வேண்டாம் என்று விட்டிருந்தார்கள், அதனால்.

என் நாத்தனாருக்கும் அந்த நாள் வந்தது. கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து, ஐந்து வருடம் போட வேண்டிய ஹார்மோன் மாத்திரை. இரண்டாவது வருடம் மூட்டு வலி தாங்கவில்லை என்று, யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டாள். "நீங்கள்தான் வாரா வாரம் கை வைக்கிறீர்களே அண்ணி" என்றாள். எனக்கு அடிவயிறு கலங்கியது. அன்றே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். வேறு மாத்திரை மாற்றிக் கொடுத்தார், வலி குறைந்தது. அன்றைக்குச் சொல்லிவிட்டேன்: நீ மாத்திரை டப்பாவைக் காட்டினால்தான் நான் கை வைப்பேன் என்று. அதிலிருந்து என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் கைப்பையில் அந்த டப்பாவும் வரும்.

புற்றுநோயைக் குணமாக்குவேன், சர்க்கரையை அடியோடு போக்குவேன் என்று விளம்பரம் செய்வது 1954-ம் வருடச் சட்டப்படியே குற்றம். அப்படிச் சொல்கிறவர் கையில் உண்மையிலேயே ஆற்றல் இருந்தாலும் அவரிடம் போகாதீர்கள். முன்பணம் கேட்கிறவர், மருந்தை நிறுத்தச் சொல்கிறவர், கதவைச் சாத்திக்கொண்டு துணைக்கு வந்தவரை வெளியே நிறுத்துகிறவர் யாராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். நான் காசு வாங்குவதில்லை, பென்ஷன் வருகிறது. காசு வாங்குகிறவர்கள் எல்லோரும் ஏமாற்றுகிறவர்கள் என்றும் சொல்லமாட்டேன். நேரம் கொடுக்கிறவருக்கும் வயிறு உண்டு.

போன வாரம் நாத்தனார் வந்திருந்தாள். மாத்திரை முடிந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. வருடாந்தர மேமோகிராம் அறிக்கையை என் மடியில் வைத்து, நான் கண்ணாடியை எடுத்துக் கடைசி வரிவரை படித்து முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறது என்றேன். "எனக்கும் டாக்டர் அதைத்தான் சொன்னார். நீங்கள் படித்தால்தான் நிம்மதி" என்றாள். அறிக்கையை மடித்து உறைக்குள் போட்டுவிட்டு, தலையணையை எடுத்துக்கொண்டு பாயில் படுத்தாள். திரும்ப வளர்ந்த முடி தோள்வரை வந்துவிட்டது, முன்னைவிடச் சுருளாக. "கொஞ்ச நேரம் உட்காருங்கள் அண்ணி" என்றாள்.

அடுப்பை அணைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு போனேன்.